பெயர் கேட்கும் பெட்டி

றஹீமா தாத்தா அந்தப் பெட்டியைக் கொண்டு வந்து கவுண்டரில் வைத்தபோது ஏழுமலை யாரோ ஒருவரின் பிறப்புச் சான்றிதழைப் போட்டோகொப்பி எடுத்துக்கொண்டிருந்தான். சீனிச் சாக்கில் சுற்றி, சணலால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியிருந்தாள். அவிழ்க்காமலே அவனுக்குத் தெரிந்துவிட்டது. அந்த நீள அகலமும், கண்ணாடியில் பட்டபோது எழுந்த கனத்த சத்தமும் வேறு எந்தச் சாமானுக்கும் கிடையாது. கொப்பி மெஷினின் வெளிச்சம் ஓடி முடியும் வரை அவன் திரும்பவில்லை. சான்றிதழ் கோணலாக விழுந்து, பிள்ளையின் பெயர் பாதி வெட்டுப்பட்டு வந்தது. மறுபடியும் எடுக்க வேண்டியதாயிற்று.

முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்பார்கள். றஹீமா உண்மையில் அவனுடைய சிநேகிதன் தாஸிமுக்குத்தான் தாத்தா. ஆனால் ஓப்பநாயக்க பஸாரில் அவர்களுடைய ஹாட்வெயார் கடைக்குப் பின்னால் இருந்த வீட்டில் ஏழுமலை ஒரு காலத்தில் பாதிப் பிள்ளையாக வளர்ந்தவன். அவனுக்கும் அவள் தாத்தாதான். ஏறக்குறைய இரண்டு வருடமாக அந்த வீட்டுப் படியை மிதிக்கவில்லை என்பதற்காக முறை மாறிவிடுமா என்ன.

“எங்கட ஊட்டுக்கு ஓடு மாத்துறாங்க. இத வெக்க எடமில்ல. மழையில நனஞ்சா வீணாப் போகும்.”

“தாஸிம் குடுக்கச் சொன்னானா?”

“அவன் ஒண்டும் சொல்லல்ல. நான்தான் கொண்டாந்த. வாணாட்டி சொல்லு, பழைய இரும்புக்குப் போட்டுடுறேன்.”

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். ஆனால் சட்டைப் பையில் அந்தக் கடிதம் இருந்தது. இரத்தினபுரியில் ஒரு காப்புறுதிக் கம்பனி, கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைத்துப் பார்த்துக்கொள்ள உதவியாளர் ஒருவரைத் தேடியது. வரும் புதன்கிழமை செய்முறைப் பரீட்சை. அந்த இணைப்புகளுக்கு வழிகாட்டும் ரவுட்டர் பெட்டி ஒன்றை முன்னால் வைப்பார்கள், ஒரு மணி நேரத்துக்குள் அதை ஒழுங்குபண்ணி ஓடவைத்துக் காட்ட வேண்டும். ஏழுமலை ரவுட்டரைத் தொட்டு ஒன்றரை வருடத்துக்கு மேலாகிறது. கட்டளைகள் எல்லாம் மனப்பாடமாக இருந்தன, கைதான் மறந்துபோயிருந்தது. இருபத்தேழு வயதில், பஸ் நிலையத்துக்கு எதிரில் ஒரு கொமியுனிகேஷன் கடையில், ஊரார் பிறந்ததற்கும் செத்ததற்கும் கொப்பி எடுத்துக்கொண்டிருப்பவனுக்கு இப்படி ஒரு கடிதம் இரண்டாம் தடவை வரும் என்று சொல்ல முடியாது. வாயை மூடிக்கொண்டு, தாஸிமின் பழைய ரவுட்டரான அந்தப் பெட்டியை இழுத்து மேசைக்குக் கீழே வைத்தான்.

றஹீமா தாத்தா படியிறங்கும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். மெலிஞ்சிட்டாய் என்றாள். அவ்வளவுதான்.

ஏழுமலைக்கும் தாஸிமுக்கும் இடையில் இருந்த சங்கதியைச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஏழுமலையின் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு தமிழில் படிக்க வேண்டுமென்றால் நாலு மைல் நடந்து பஸாரில் இருக்கும் முஸ்லிம் பாடசாலைக்குத்தான் வர வேண்டும். 1993ஆம் வருடம் ஏழுமலை அப்படித்தான் வந்தான், அப்பாவின் சேர்ட்டை வெட்டித் தைத்த சேர்ட்டோடு, காலில் அட்டை கடித்த இரத்தம் காயாமல். பக்கத்து இடத்தில் உட்கார்ந்திருந்தவன் ஒன்றும் சொல்லாமல் தன் தொப்பியைக் கழற்றி அந்த இரத்தத்தைத் துடைத்துவிட்டான். தொப்பியில் இரத்தக் கறையோடு வீட்டுக்குப் போய் உம்மாவிடம் ஏச்சும் வாங்கினான். அதுதான் தாஸிம். செய்துவிட்டுப் பிறகு யோசிக்கிற ஜாதி.

பெரியவர்களான பிறகு இரண்டு பேருக்கும் கம்ப்யூட்டர் பைத்தியம் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் இரத்தினபுரியில் வகுப்பு. ரவுட்டரைப் புத்தகத்தில் படித்தால் போதாது, கையில் வேண்டும் என்று மாஸ்டர் சொல்ல, 2006இல் கொழும்புக்குப் போய், ஏதோ கம்பனி கழித்துப்போட்ட இரண்டு பழைய ரவுட்டர்களை வாங்கிவந்தார்கள், ஆளுக்கொன்று. கடையின் பின்னறையில், பெயின்ட் வாளிகளுக்கும் ஆணிப் பெட்டிகளுக்கும் நடுவில், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு மீட்டர் கேபிளால் இணைப்பார்கள். தாஸிமின் பெட்டி கடை, ஏழுமலையின் பெட்டி தோட்டம். நடுவில் கிடக்கும் கேபிள், நாலு மைல் ரோடு. இந்தப் பக்கம் ஒருவன் தட்டியது அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தால், “வந்து சேந்துட்டியா? அட்டை கடிச்சிச்சா?” என்று தாஸிம் கேட்பான். இருபத்துநாலு வயதுக் கழுதைகள் இரண்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும்.

2007 நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அது முடிந்தது. ஏழுமலையின் பெட்டிக்குப் புது மென்பொருள் ஏற்றித் தருவதாக மாஸ்டர் சொல்லியிருந்தார். தாஸிமின் பெட்டியில் கேபிள் செருகும் அட்டை அவ்வப்போது மக்கர் பண்ணியது, அதையும் காட்ட வேண்டும். “பெட்டிய நீ தூக்கு, அட்டைய நான் தூக்குறேன். பாரம் சரிக்குச் சரி,” என்று தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதான அந்த அட்டையைப் பேப்பரில் சுற்றித் தன் பையில் போட்டுக்கொண்டான் தாஸிம். வழியில் ஒரு சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். தாஸிமின் பையை மேலால் தட்டிப் பார்த்துவிட்டு ஏறச் சொன்னார்கள். ஏழுமலையின் பையைத் திறந்தார்கள். உள்ளே இரும்புப் பெட்டி, பின்னால் துவாரங்கள், வயர். அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர். யுத்தம் நடந்த அந்தக் காலத்தில் சந்தேகப்பட அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. இது படிக்கிற பெட்டி என்று அவன் நல்ல சிங்களத்தில் விளக்கினான். சிங்களம் அவ்வளவு நன்றாக இருந்தது சந்தேகத்தைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை. யாரோடு வந்தாய் என்று கேட்டபோது அவன் பஸ்ஸைப் பார்த்தான். ஜன்னலோரத்தில் தாஸிம் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். தனியாகத்தான் வந்தேன் என்றான் ஏழுமலை. கண்டக்டர் மணியை அடித்தான், பஸ் போய்விட்டது.

இரண்டு நாள் உள்ளே இருந்தான். தோட்டத்துப் பெரிய கிளாக்கர், மேனேஜர் துரையிடம் கடிதம் வாங்கிக்கொண்டு வந்துதான் அவனை வெளியே எடுத்தார். பெட்டி திரும்பி வரவில்லை. அந்த இரண்டு நாளைப் பற்றி அவன் யாரிடமும் பேசியதில்லை. ஆனால் நினைவில் திரும்பத் திரும்ப வந்தது அந்த அறை அல்ல, பஸ்ஸின் ஜன்னல்தான். பிறகு தாஸிம் இரண்டு தடவை, தோட்டத்துத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்கு வந்தான். இரண்டாம் தடவை தண்ணீர்ப் பீலிக்குப் பக்கத்தில் அரை மணி நேரம் மழையில் நின்றான். வீட்டில் இல்லை என்று அம்மாவைச் சொல்ல வைத்துவிட்டு ஏழுமலை உள்ளே இருட்டில் உட்கார்ந்திருந்தான். அடுத்த பெப்ரவரியில் தாஸிம் டோஹாவுக்குப் போய்விட்டான் என்று பஸாரில் பேசிக்கொண்டார்கள். கடிதம் இல்லை, போன் கோல் இல்லை.

தோட்டத்தில் ஒருவரை வேலையிலிருந்து நிறுத்தினால் ‘பேர் வெட்டிட்டாங்க’ என்பார்கள். செக்ரோல் என்ற பெயர்ப் பதிவேட்டில் சிவப்புக் கோடு விழும், மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பிரட்டில் அந்தப் பெயரைக் கூப்பிட மாட்டார்கள். வேறு தண்டனையே வேண்டாம். பக்கத்தில் நிற்பவரின் பெயரைக் கூப்பிட்டு, அடுத்தவரின் பெயரைக் கூப்பிட்டு, நடுவில் உன்னை விட்டுவிட்டுப் போவார்கள். தாஸிம் தன் பெயரை வெட்டிவிட்டான் என்றே ஏழுமலை நினைத்துக்கொண்டான். தானும் அவனுடைய பெயரை வெட்டிவிட்டதாகச் சொல்லிக்கொண்டான். சொல்லிக்கொண்டான் என்பதுதான் சரி.

பெட்டி வந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவன் சாக்கோடு லயத்துக்கு வந்தபோது அம்மா இருளாயி கொழுந்துக் கூடையை ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தாள். சணலை அவிழ்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது.

“இந்தப் பெட்டியால பட்டது போதாதாடா?”

“இது வேற பெட்டிம்மா. தாஸிமோடது.”

“யாரோடதா இருந்தா என்னா. கண்டவன் பாத்துட்டு போயி சொன்னா, மறுபடியும் யாரு வந்து நிப்பா? பெரிய கிளாக்கரும் பென்சன்ல போயிட்டாரு.”

“சண்டைதான் முடிஞ்சிருச்சேம்மா. பஸார்ல போன மாசம் வெடி கொளுத்தினது கேக்கலியா.”

“வெடி கொளுத்துனாங்க,” என்றாள் இருளாயி. போய் முன்கதவைச் சாத்தி, ஜன்னலில் ஒரு சேலையைக் கட்டிவிட்டு அடுப்படிக்குப் போனாள். புதன்கிழமை வரைக்குந்தான் என்று அவன் உள்ளே பார்த்துச் சொன்னான். கரண்டிச் சத்தம்தான் பதிலாக வந்தது.

ரவுட்டருக்குத் திரை கிடையாது. அதோடு பேச வேண்டுமென்றால் ஒரு கம்ப்யூட்டரை அதன் முதுகில் இணைக்க வேண்டும். இளநீல நிறத்தில் தட்டையாக ஒரு கேபிள் வரும். ஏழுமலையின் பழைய பெட்டியில் மிஞ்சியது அந்தக் கேபிள் மட்டும்தான். அன்றைக்கு அதை வீட்டில் மறந்துவிட்டுப் போயிருந்தான். ட்ரங்குப் பெட்டியின் அடியிலிருந்து அதை எடுத்து, தான் கூட்டிப் பொருத்திய கம்ப்யூட்டரில் செருகி, பெட்டியின் சுவிட்சைத் தட்டினான். விசிறி ஊளையிட்டது. திரையில் வேலிக்கம்பு நட்டதுபோல் குறிகள் வரிசையாக வந்து நிரம்பின. பிறகு எழுத்துகள். அதற்குப் பிறகு, அடுத்தடுத்து மூன்று தடவை, ‘பிழையான உள்ளீடு’.

மூன்று பிழைக்கும் முதல் வரியிலேயே காரணம் தெரிந்தது. ஒரு பெட்டி எழும்பும்போது, கடைசியாகத் தன் நினைவில் எழுதிவைத்ததை மேலிருந்து கீழாக வாசித்து, ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் பார்க்கும். இது முதலாவது துவாரத்தில் இருக்க வேண்டிய கேபிள் அட்டையைக் கூப்பிட்டது. அட்டை இல்லை. முதல் வரி பிழையாகிவிட்டால் அதைச் சேர்ந்த கீழ் வரிகளும் பிழையாகும். அது வகுப்புக்குப் போன எவனுக்கும் தெரியும். அந்தக் கீழ் வரிகளில் என்ன எழுதியிருந்தது என்று அவன் வாசிக்கவில்லை. தெரிந்த நோய்க்கு யார் நாடி பிடித்துப் பார்ப்பார்கள். மூடியைக் கழற்றிப் பார்த்தான். சொன்னபடி துவாரம் காலியாக இருந்தது. அதற்குள் ஒரு செத்த கரப்பான் பூச்சி மட்டும் கிடந்தது.

திரையில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. இந்தப் பழைய பெட்டிகளுக்குச் சொந்தமாகக் கடிகாரம் ஓடாது. அணைத்துவிட்டு எழுப்பினால், ஒவ்வொரு தடவையும் 1993 மார்ச் முதலாம் திகதி என்றே சொல்லும். நடுவில் எத்தனை வருடம் போனதென்று அதற்குக் கவலையில்லை. ஏழுமலை அந்தத் திகதியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு திங்கட்கிழமை. அவனும் தாஸிமும் ஆறாம் வகுப்பில் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள்.

பிழைகள் முடிந்ததும் பெட்டி கேட்டது: பெயர் என்ன? பெயரைக் கொடுத்தால் கடவுச்சொல் கேட்கும். இரண்டும் பொருந்தினால்தான் திறக்கும். தாஸிம் என்று அடித்து, அவனுடைய பழைய போன் நம்பரைக் கொடுத்தான். தவறு. கடையின் பெயரைக் கொடுத்தான். தவறு. அவன் ஒரு காலத்தில் விழுந்து விழுந்து காதலித்த பெல்மதுளைப் பெண்ணின் பெயரைக் கூடக் கொடுத்துப் பார்த்தான். பெட்டி அதற்கும் மசியவில்லை. ஒரு கோல் எடுத்து தாஸிமிடம் கேட்டால் அரை நிமிடத்தில் முடிகிற காரியம். அதைச் செய்வதைவிடப் புதன்கிழமை பரீட்சையில் தோற்றுவிட்டு வருவது மேல் என்று ஏழுமலைக்குத் தோன்றியது. அவனிடம் கேட்காமல் திறக்க வேண்டும். அந்த வீம்பில் சனிக்கிழமை காலைவரை உட்கார்ந்தும் ஒன்றும் நடக்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் கடையிலிருந்து றஹீமா தாத்தாவுக்குக் கோல் எடுத்தான். கடவுச்சொல்லை விசாரிக்க அல்ல. அட்டையையாவது தேடிப் பார்க்கலாமே என்றுதான்.

“தாத்தா, பச்சை நெறத்துல ஒரு சின்ன அட்டை, அலுமாரியில எங்கயாவது கெடக்கா? பெட்டிக்குள்ள போடுறது.”

போனில் ஓடு மாற்றுகிறவர்களின் தட்டல் மட்டும் கேட்டது.

“அது ஊட்ல இல்ல,” என்றாள் பிறகு. “அத அவன் அண்டைக்கே பஸ்ஸுல இருந்து கங்கையில வீசிட்டான். பாலத்தால போகக்குள்ள. அதையும் புடிச்சா ரெண்டு பேரையும் சேத்து குண்டு கட்டுறவங்க எண்டு சொல்லுவாங்க எண்டு பயந்துட்டான். ஊட்டுக்கு வந்து மூணு நாள் சோறு தின்னல்ல. வாப்பா கதவைப் பூட்டி வெச்சாரு, போலீஸுக்குப் போறேன் எண்டு நிண்டதுக்கு.”

ஏழுமலை கொப்பி மெஷினின் மூடியைத் திறந்து மூடினான்.

“அதுக்குப் பொறகு போற நாள் மட்டும் அந்தப் பெட்டியோடதான் இருந்தான். படிச்சான், பாஸும் பண்ணினான். ஒரு நாள் நான் கேட்டேன், இது ஒவ்வொரு நாளும் எழும்பக்குள்ள ஏசுதே, திருத்த ஏலாதா எண்டு. ஏசட்டும் எண்டு சொன்னான். கேட்டா நீ?”

கேட்டேன் தாத்தா என்றான். கடைக்கு யாரோ ரீலோட் பண்ண வந்தார்கள். போனை வைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடைசி வைத்தியத்தைத் தொடங்கினான். பெட்டி எழும்பும் முதல் நிமிடத்துக்குள் கீபோர்டின் மூலையில் யாருமே தொடாத ஒரு பொத்தானை அழுத்தினால், அது தன் நினைவை வாசிக்காமல் பாதி மயக்கத்தில் நின்றுவிடும். அப்போது காதில் ஓர் எண்ணைச் சொல்லி மறுபடி எழுப்ப வேண்டும். பழையது எதையும் கேட்காமல், பிறந்த பிள்ளையாக எழும்பும். பெயர் கேட்காது, கடவுச்சொல் கேட்காது. நாலாவது தடவையில் சரியாக வந்தது. பிழை வரி ஒன்றுகூட இல்லாமல் திரை சுத்தமாகக் கிடந்தது. திறந்துவிட்டது. தாஸிமிடம் கேட்காமல் திறந்துவிட்டான். இனி வேண்டியதை எழுதிப் பழகலாம். ஒருமுறை சேமித்தால் பழையதெல்லாம் அழிந்துவிடும்.

அழிப்பதற்கு முன்னால் பழைய நினைவில் என்ன இருந்தது என்று பார்க்கத் தோன்றியது. வெறும் ஆசைதான். கட்டளையைக் கொடுத்தான், வரிகள் இறங்கின. பெட்டியின் பெயர், கடை. அதற்குக் கீழே பெட்டியைத் திறக்க அனுமதி பெற்றவர்கள். தாஸிம் என்று ஒரு வரி. அதற்கு அடுத்த வரியில், அதே முழு அதிகாரத்தோடு, ஏழுமலை.

மேலும் இறக்கினான். இல்லாத அட்டையின் பகுதி வந்தது, வெள்ளிக்கிழமையிலிருந்து மூன்று பிழையாக விழுந்துகொண்டிருந்த மூன்று வரி. முதல் வரி, அட்டையின் நம்பர். இரண்டாவது வரி, இது எங்கே போகிற இணைப்பு என்று ஞாபகத்துக்காக எழுதிவைப்பது. ஆங்கில எழுத்தில், தமிழில் எழுதியிருந்தது: ‘ஏழுமலை வீட்டுக்குப் போற வழி’. மூன்றாவது வரி, அந்த வழியின் விலாசம்.

அட்டை ஆற்றோடு போன பிறகு தாஸிம் மூன்று மாதம் இந்தப் பெட்டியில் பழகியிருக்கிறான். பழகியதை ஒரே ஒரு தடவை சேமித்திருந்தால் போதும், அட்டை இல்லாத அந்த மூன்று வரிகளையும் பெட்டி தானாகவே விட்டுவிட்டிருக்கும். பிழையும் போயிருக்கும். ஒவ்வொரு தடவையும் அணைக்கப் போகும்போது சேமிக்கட்டுமா என்று அது கேட்டிருக்கும். ஒவ்வொரு தடவையும் வேண்டாம் என்றிருக்கிறான். பகல் முழுக்க எழுதியதைச் சாயங்காலம் வீசிவிட்டு, மறுநாள் காலையில் பிழையைக் கேட்டுக்கொண்டே முதலிலிருந்து தொடங்கியிருக்கிறான். ஏசட்டும் என்று சொன்னானாம். ஏழுமலை திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். அம்மா பார்க்கவில்லை. அவள் வாசலில் விறகை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தாள், மழை தொடங்கிவிட்டது.

மழையோடு கரண்டும் போய்விட்டது. சபரகமுவ மழைக்கும் தோட்டத்துக் கரண்டுக்கும் ஜென்மப் பகை. போனால் விடியாமல் வராது. ஏழுமலை செத்துக்கிடந்த பெட்டியைச் சாக்கால் மூடிவைத்தான். அந்த இரண்டாவது பெயரின் கதை அப்போதுதான் முழுதாக ஞாபகத்துக்கு வந்தது. தோட்டத்துப் பக்கத்திலிருந்து நீயும் கடைக்குள் வர வேண்டாமா என்று சொல்லி, தாஸிம் தன் பெட்டியில் அவனுக்கும் ஒரு பெயர் போட்டிருந்தான். கடவுச்சொல்லை நீயே அடி என்று எழுந்து இடம் கொடுத்துவிட்டு, பெயின்ட் வாளிகளைப் பார்த்துத் திரும்பி நின்றான். பார்க்க மாட்டான் என்று தெரிந்தும் ஏழுமலை கையால் மறைத்துக்கொண்டு அடித்தான். இரண்டு நாளாக யார் யாருடைய பெயரையோ கொடுத்துப் பார்த்தவனுக்கு, அந்தப் பெல்மதுளைப் பெண்ணைக்கூட விடாதவனுக்கு, தன் பெயரைக் கொடுத்துப் பார்க்கத் தோன்றவே இல்லை. வெட்டின பெயரை எவன் போய் மறுபடி பிரட்டில் சொல்வான்?

திங்கட்கிழமை ஆறு மணிக்குக் கரண்டு வந்திருந்தது. இருளாயி இடுப்பில் ரெட்டுச் சாக்கை மடித்துக் கட்டிக்கொண்டு, கூடையை எடுத்துக்கொண்டு நின்றாள்.

“கெடச்சிச்சா ஒனக்கு வேண்டியது?”

“கெடச்சிச்சும்மா.”

“அப்போ இன்னும் ஏன் இப்புடி ஒக்காந்திருக்க?”

அவன் வேறு ஒன்றைக் கேட்டான். “அப்பா செத்த மறு வாரம் பிரட்டுல கங்காணி அவரு பேரக் கூப்புட்டாருன்னு சொன்னியே. கோவம் வரலியா ஒனக்கு?”

இருளாயி வாசற்படியில் ஒரு காலை வைத்தபடி யோசித்தாள். “எதுக்கு கோவம். பதினெட்டு வருசம் கூப்புட்ட வாயி. இருக்காருங்கிற மாதிரி இருந்திச்சி, அந்த ஒரு நிமிசம்,” என்றாள். பிறகு ஜன்னலில் தான் கட்டிய சேலையைப் பார்த்தாள். திரும்பி வந்து அதை அவிழ்த்து, உதறி மடித்துக் கொடியில் போட்டுவிட்டுப் போனாள்.

அவள் போன பிறகு, முந்தின நாள் மாற்றிய எண்ணைப் பழையபடி மாற்றி, பெட்டியை அணைத்து, சாதாரணமாக எழுப்பினான். வேலிக்கம்புகள் வந்தன. எழுத்துகள் வந்தன. பிழைகள் வந்தன, ஒன்று, இரண்டு, மூன்று. இந்தத் தடவை வரி வரியாக வாசித்தான். பெயர் என்ன என்று கேட்டது. ஏழுமலை என்று அடித்தான். கடவுச்சொல்லுக்கு, அம்மாவின் செக்ரோல் நம்பர், மூன்று ஒன்று ஏழு. விரலுக்கு ஞாபகம் இருந்தது. ஒரு கணம்கூடத் தயங்காமல் பெட்டி அவனை உள்ளே விட்டது.

முக்கால் மணி நேரம் பழகினான். கை மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. எழுதி, தவறி, திருத்தி, புதன்கிழமைக்கு வேண்டியதை எல்லாம் ஒருதடவை ஓட்டிப் பார்த்தான். பிறகு மறுபடி எழும்பச் சொன்னபோது பெட்டி வழக்கம்போல் கேட்டது, மாற்றியதைச் சேமிக்கட்டுமா? பரீட்சையில் இதற்கு ஆமென்றுதான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் தோல்வி. வேண்டாம் என்று அடித்தான். முக்கால் மணி நேர வேலை போய்விட்டது. திரை இருண்டு, மறுபடி 1993 மார்ச் முதலாம் திகதிக்குப் போய், அங்கிருந்து பிழைகளைச் சொல்லிக்கொண்டு வந்தது.

கீழே களத்தில் பிரட்டு தொடங்கியிருந்தது. லயத்துக்கும் களத்துக்கும் நடுவில் ஒரு தேயிலை மலைதான், காலைப் பனியில் சத்தம் பக்கத்திலேயே கேட்கும். கங்காணி பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டு போனார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குரல் எழும்பி அடங்கியது. சாக்கோடு சேர்த்து றஹீமா தாத்தா ஒரு துண்டுக் காகிதத்தையும் கட்டியிருந்தாள். அவிழ்க்கும்போதே கண்டும், காணாதவன் போலக் கம்ப்யூட்டருக்கடியில் தள்ளிவிட்டிருந்தான். அதில் ஒரு டோஹா நம்பர் இருந்தது. அங்கே இப்போது நாலேகால் மணி இருக்கும். சுபஹு தொழுகை முடிந்திருக்கும். தொழுதானோ, போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறானோ. அந்தக் காலத்தில் உம்மா தண்ணீர் தெளித்தால்தான் எழும்புவான்.

போனை எடுத்து நம்பரை அழுத்தினான். வெளிநாட்டு மணி, நீளமாக, இடைவெளி விட்டு விட்டு ஒலித்தது. எடுத்தால் என்ன சொல்வது என்று அவன் யோசித்துவைக்கவில்லை. திரையில் பெட்டி மூன்று பிழையையும் சொல்லி முடித்துவிட்டு, பெயருக்காகக் காத்துக்கொண்டிருந்தது. களத்தில் கங்காணி யாரோ ஒருவரின் பெயரை இரண்டாம் தடவையும் கூப்பிட்டார். பதில் இல்லை. வெட்டிவிடாமல், இன்னும் கொஞ்சம் உரக்க, மூன்றாம் தடவை கூப்பிட்டார். அந்தப் பக்கம் மணி நின்று, யாரோ போனை எடுத்தார்கள்.